வேம்புலியம்மாள் ஓம்பிய இருவர்

ஓம்புதல் என்னும் அறம் ஓசையற்றது. ஈகைக்குப் பெற்றவன் சான்று சொல்வான். கல்விக்கு அவை சான்று சொல்லும். பிறர் உடலைத் தன் உடல்போலக் கழுவித் துடைத்து, ஊட்டி, உறங்கவைத்து, விடிந்ததும் அதனையே மீளத் தொடங்கும் அறத்துக்குச் சான்று சொல்ல ஒருவரும் இரார். ஓம்பப்பட்டவரே அதனை மறந்துபோவர். அவ்வறம் வேப்பம்பட்டு ரயில் நிலையத்துக்குச் சற்று அப்பால், மழைக்காலத்தில் முழங்கால் நீர் தேங்கும் ஒரு தெருவில், வேம்புலியம்மாள் என்னும் பெயரோடு குடியிருக்கிறது.

அவளுடைய பெற்றோர் பிறர் வயலில் நடவு நட்டு வாழ்ந்தவர்கள். வயல்களெல்லாம் கல் நட்ட மனைகளான பிறகு, அவளும் அவள் கணவன் துலுக்கானமும் காலை மின்ரயிலில் கிழக்கே போய்ப் பிழைப்புத் தேடும் கூட்டத்தில் சேர்ந்தார்கள். துலுக்கானத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் இரும்பு வார்ப்பாலையில் வேலை. வார்த்தெடுத்த இரும்பின்மேல் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி உதிர்ப்பது அவன் தொழில். உதிர்ந்ததில் பெரும்பகுதி தரையில் விழுந்தது. நுண்ணிய பகுதி அவன் மார்பில் தங்கியது. ஐம்பது வயதுக்குள் நான்கு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவனானான். ஆலை வேறோர் ஆளை வைத்துக்கொண்டது. அன்றுமுதல் அந்த வீட்டின் அடுப்பு எரிவது வேம்புலியம்மாளின் உழைப்பால் என்றாயிற்று.

அவளுக்குக் கிடைத்தது, நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆவடியில் ஒரு மாடியறையில் இயங்கிய ஏஜென்சி அவளை அனுப்பும். வாரம் முழுதும் நோயாளியோடு இருக்க வேண்டும். ஞாயிறு காலை மாற்றாள் வருவாள்; ஒரு பகலும் ஓரிரவும் தன் வீட்டில் கழித்துவிட்டுத் திங்கள் விடியலில் திரும்ப வேண்டும். அந்தத் தொழிலுக்கு மீறமுடியாத விதி ஒன்று உண்டு. மாற்றாள் வந்து, நோயாளியைக் கண்ணால் பார்த்து, ‘சரி, நீ போ’ என்று சொல்லும்வரை, இருப்பவள் வாசற்படியைத் தாண்டக் கூடாது.

திருமுல்லைவாயிலில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் ராதிகா டீச்சர் இருந்தார். பெண்கள் பள்ளியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவர். கணவர் மறைந்தபின் அவருடைய நினைவும் ஒவ்வொன்றாக விடைபெறத் தொடங்கிற்று. முதலில் தெருக்களின் பெயர் போயிற்று, பிறகு சமையல், பிறகு பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றும் ஒரே மகன் ஸ்ரீநாத்தின் முகம். வாழ்நாளெல்லாம் கற்பித்த ஆங்கிலத்தில் ஒரே ஒரு பாடம் மட்டும், வெள்ளம் வடிந்த நிலத்தில் தனித்து நிற்கும் கம்பம்போல, நிலைத்து நின்றது. அது ஏன் எஞ்சியது என்று எவருக்கும் தெரியாது.

வேளைதோறும் தட்டு முன்னால் வந்ததும் டீச்சர் நிமிர்ந்து உட்கார்வார்.

“எழுந்து நில்லு. லுக் ஆஃப்டர். மீனிங் சொல்லு.”

வேம்புலியம்மாள் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். “டேக் கேர் ஆஃப், டீச்சர்.”

“வேற?”

“டெண்ட். மைண்ட். வாட்ச் ஓவர். அட்டெண்ட் டு.”

“குட். உட்காரு.”

அதன் பிறகே இட்லி தொண்டையில் இறங்கும். ஒரு சொல் குறைந்தாலும் தட்டு சுவரில் போய் மோதும். அன்றைக்கு மாத்திரையும் இல்லை, உணவும் இல்லை. ஆகவே அந்த வீட்டுக்கு வந்த பணிப்பெண்கள் எல்லாரும், மாற்றாள் கையில் நோயாளியை ஒப்படைக்கும்போது, மருந்து வேளைகளோடு அந்த ஐந்து சொற்களையும் வாய்மொழியாக ஒப்படைத்து வந்தார்கள். வேம்புலியம்மாளுக்கும் அப்படித்தான் வந்தது. குமணன்சாவடியிலிருந்து ஞாயிறுதோறும் வரும் யுவராணிக்கு அவள் அதனை அளித்தாள்.

“காலைல சக்கர மாத்தர, அப்பால பிரஷர் மாத்தர. மாத்தரைக்கு மின்னாடி அஞ்சு வார்த்த. எங்க, சொல்லு பாப்போம்.”

“இன்னாக்கா இது, கெயவிக்கு இட்லி ஊட்றதுக்குப் பரீச்ச எய்தணுமா? நானே ஒம்போதாவுதுல இங்கிலீசுல பெயிலு.”

“அதான் இப்ப பாஸ் பண்ணிக்கோ.”

பொருள் தெரியாமல் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பது வேம்புலியம்மாளுக்கு உறுத்தலாகவே இருந்தது. ஒரு ஞாயிறன்று, ஆவடியில் கைப்பேசிக் கடையொன்றில் வேலை பார்க்கும் தன் மகள் சுவேதாவிடம் கேட்டாள்.

“எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்தான்மா. பாத்துக்கறது. அவ்ளோதான்.”

“ஒரே அர்த்தத்துக்கு இன்னாத்துக்குடி அஞ்சு வார்த்த?”

கட்டிலில் சாய்ந்திருந்த துலுக்கானம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னான். “வெள்ளக்காரனுக்கு வேல வெட்டி இல்லமே. உடு. எங்க, இன்னொரு தபா சொல்லு. கேக்கறதுக்கு ஷோக்கா கீது.”

அவள் சொல்வாள். அவன் ஒவ்வொன்றையும் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்வான். சுவேதா சிரித்து விழுவாள். அந்த வீட்டின் ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஒரு விளையாட்டாகிப் போனது.

ஆனால் சுவேதா சொன்னதுபோல் ஐந்தும் ஒன்றே என்று வேம்புலியம்மாளின் மனம் ஒப்பவில்லை. மகளைத் துருவித் துருவிக் கேட்டு, அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலையைப் பங்கிட்டாள். படுக்கைப் புண் வராமல் முதுகைத் துடைத்து மருந்திடும்போது அது டெண்ட். டீச்சர் எழுந்து கதவைத் திறந்து போய்விடாமல் வாசலை அடைத்துப் பாய் விரித்துப் படுப்பது வாட்ச் ஓவர். கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது அட்டெண்ட் டு. பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சற்று நேரம் இடுப்பில் வைத்துக்கொள்வது மைண்ட். இவை எல்லாவற்றையும் ஒருசேரச் சுமப்பது டேக் கேர் ஆஃப். தமிழிலும் முன்னோர் இவ்வேறுபாடுகளைக் கண்டே சொல் வகுத்தனர். பேணுவது விரும்பி வளர்ப்பது. காப்பது பகைக்கு முன் நிற்பது. புரப்பது பொருள் கொடுத்துத் தாங்குவது. ஓம்புவது இவை யாவற்றையும் இடைவிடாமல், சலியாமல் செய்வது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே கல்வி பெற்ற அவளுக்கு இந்நூற்பொருள் தெரியாது. எந்தச் சொல்லையும் அதற்குரிய வேலையோடு அல்லாமல் அவளால் சொல்ல இயலவில்லை என்பதே செய்தி.

இவ்விளையாட்டுக்கிடையில் துலுக்கானம் ஒருமுறை விளையாடாமல் பேசினான். அவனுடைய அண்ணன், முந்தைய ஆண்டு ஒரு மருத்துவமனை நடைவழியில், உறவினர் ஒருவரும் அருகில் இல்லாத வேளையில் உயிர் விட்டவன்.

“யாருமே இல்லாம பூட்டான் எங்கண்ணன். எனக்கு அந்தக் கதி வாணாம் வேம்பு. வைத்தியம்லாம் ஒண்ணும் கேக்கல. நீ பக்கத்துல இருந்தினா போதும்.”

“இருப்பேன்யா. நான் எங்க பூட்றேன்?”

“சத்தியமா?”

அவள் அவன் தலையில் கைவைத்தாள். அதுமுதல் வாரத்தின் ஆறு நாளும் அவள் நெஞ்சில் ஒரே அச்சம் குடியிருந்தது. மகளிடமிருந்து அழைப்பு வருமானால் அது தான் விடுபட்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வாள்.

அழைப்பு ஞாயிற்றுக்கிழமையில்தான் வந்தது. கார்த்திகை மாதத்து அடைமழை. வீட்டுக்குப் போவதற்காகத் துவைத்து மடித்த சேலையொன்றைப் பையில் வைத்துக்கொண்டு யுவராணியின் வரவை வேம்புலியம்மாள் பார்த்திருந்தாள். முதலில் யுவராணியின் குரல் வந்தது.

“அக்கா, புள்ளைக்கு ஜொரம். நெருப்பாட்டம் கொதிக்குது. மாமியாரும் ஊர்ல இல்ல. யாராண்ட உட்டுட்டு வர்றது?”

வேம்புலியம்மாளால் சினம் கொள்ள முடியவில்லை. “சரி, புள்ளயப் பாரு” என்றாள். வைத்த கைப்பேசி உடனே மறுபடி ஒலித்தது. சுவேதா.

“யம்மா, நைனாவால மூச்சே உட முடில. ஆம்புலன்ஸ் வந்துகினு கீது. ஆவடி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். நீ நேரா அங்க வந்துடு. உன்னத்தான் கேட்டுகினே கீது.”

வேம்புலியம்மாள் ஏஜென்சி மேற்பார்வையாளன் வெற்றிச்செல்வனை அழைத்தாள்.

“அக்கா, எனக்குப் புரியுதுக்கா. ஆனா மழைல இப்ப யாருமே ரெடியா இல்ல. மத்தியானத்துக்குள்ள ஒரு ஆளு அனுப்பறேன்.”

“மத்தியானம் வரிக்கும் என் ஊட்டுக்காரு தாங்கணுமே நைனா.”

“பேஷண்ட்ட தனியா மட்டும் உட்டுடாதக்கா. எதுனா ஆச்சுன்னா போலீஸ் கேசு. உனக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு.”

பெங்களூரில் ஸ்ரீநாத் பதறினான். இப்போதே காரை எடுக்கிறேன், நான் வரும்வரை தயவு செய்து இருங்கள் என்று கெஞ்சினான். மழையில் அவன் வந்து சேர மாலையாகும். எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். தனியே வாழ்ந்து கணினி வேலை பார்க்கும் அகல்யா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். போன மாதம் டீச்சர் தன்னை அடங்காத மாணவியென்று எண்ணிக் கன்னத்தைக் கீறியதை நினைத்தவளாய்ப் பின்வாங்கினாள்.

“சாரி ஆன்ட்டி. தனியா அவங்களோட இருக்க எனக்குப் பயமா இருக்கு. வேணும்னா ஆட்டோ புக் பண்ணித் தரட்டுமா?”

பூட்டிவிட்டுப் போகலாம். முன்பிருந்த பணிப்பெண் அப்படிப் பூட்டிக்கொண்டு பால் வாங்கப் போனபோது டீச்சர் அடுப்பு வாயுவைத் திறந்துவிட்ட கதை அவளுக்குத் தெரியும். அவள் கை பூட்டுவரை போய்த் திரும்பியது. அப்போது அவளுக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. நோயாளியை விட்டுப் போகக் கூடாது என்பதே விதி. நோயாளியோடு போகக் கூடாது என்று அவளுக்கு எவரும் சொன்னதில்லை.

“டீச்சர், இஸ்கூலுக்கு நேரமாச்சு. இன்னிக்கி இன்ஸ்பெக்‌ஷன்.”

ராதிகா டீச்சரின் முதுகு நிமிர்ந்தது. கஞ்சியிட்ட கைத்தறிச் சேலை உடுத்தப்பட்டது. கைப்பை தோளில் ஏறியது. அகல்யா அழைத்த ஆட்டோவில் இருவரும் ஏறினர். ஆவடிச் சாலையில் நீர் இருபுறமும் சீறித் தெறித்தது.

“இன்னா டீச்சர், ஞாத்திக்கெயமைல இஸ்கோலா?” என்று ஓட்டுநர் சிரித்தான்.

“ஸ்பெஷல் கிளாஸ். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு” என்றார் டீச்சர்.

மருத்துவமனையின் மாடியில், நீண்ட கூடத்தின் கடைக்கோடியில் துலுக்கானம் கிடந்தான். மூக்கும் வாயும் மூடிய குழலின்வழியே பிராணவாயு இரைந்துகொண்டிருந்தது. விலா எலும்புகள் எழுந்தெழுந்து விழுந்தன. சுவேதா தாயைக் கண்டதும் நின்ற இடத்திலேயே அழுதாள். பின் தாயின் பின்னால் நின்றவரைப் பார்த்துத் திகைத்தாள்.

“இன்னாம்மா இது? இவுங்கள ஏன் இட்டுகினு வந்தே?”

“வேற வழி இல்லடி.”

வேம்புலியம்மாள் கட்டிலருகே குந்தி அவன் கையைப் பற்றினாள். துலுக்கானம் கண் திறந்தான். அவனுடைய பார்வை மனைவியைத் தாண்டி, கஞ்சியிட்ட சேலையில் நிமிர்ந்து நின்ற உருவத்தின்மேல் ஊன்றியது. குழல்மூடியை விரலால் சற்று நகர்த்தினான்.

“யாரு… பெரிய டாக்டரா?”

“எங்க டீச்சருய்யா.”

அவன் கண்ணில் ஒரு குறும்பு எழுந்து அடங்கிற்று. இதற்குள் டீச்சருக்கு அந்தக் கூடம் வகுப்பறையாகிவிட்டது. வரிசையாகக் கிடந்தவர்களை நோட்டமிட்டார்.

“லுக் ஆஃப்டர். மீனிங் சொல்லு” என்று பக்கத்துக் கட்டில்காரரை நோக்கி விரல் நீட்டினார்.

“யம்மா தாயே, நான் ரெண்டாங்கிளாசோட நின்னுட்டவன். மூத்திரம் போறதே இன்னிக்கித்தான் பாஸ் ஆயிருக்குது” என்றார் அவர். நோயும் மழையுமாய்க் குமைந்திருந்த அந்தக் கூடத்தில் சிரிப்பு பரவியது. டீச்சர் முகம் சிவந்து அடுத்த கட்டிலுக்கு, துலுக்கானத்திடம் திரும்பினார்.

“நீ சொல்லு.”

துலுக்கானம் மூச்சைத் திரட்டினான். “டே… கேரு… டீச்சர்.”

“குட். உட்காரு.”

அவன் சிரிக்க முயன்றான். அது இருமலாக மாறி நெடுநேரம் அவனை உலுக்கிற்று. செவிலி வந்து குழலைச் சரிசெய்து, இரத்தச் சோதனைக்கான குப்பியைச் சுவேதாவிடம் கொடுத்துக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினாள். இருமல் தணிந்ததும் துலுக்கானம் மனைவியின் விரல்களை இறுக்கினான்.

“எங்கியும் பூடாத.”

“இங்கதான்யா கீறேன்.”

அவள் சொல்லி முடிக்குமுன் கண்ணோரத்தில் கஞ்சிச் சேலை அசைந்தது. டீச்சர் வாயிலைக் கடந்துவிட்டார். வாயிலுக்கு வெளியே மழைநீர் வழிந்த மாடிப்படி. அவர் நடந்த வழியெல்லாம் தரை நனைந்திருந்தது. அது மழைநீர் அன்று.

அந்தக் கணத்தில் வேம்புலியம்மாள் எதனையும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் ஒருவேளை இருந்திருப்பாள். எத்தனையோ வீடுகளில், எத்தனையோ கதவோரங்களில் பழகிய கால்கள் அவளைக் கேளாமலே எழுந்தன. “தோ வந்துட்டேன்யா” என்றாள். துலுக்கானத்தின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் படியில் சறுக்கிய டீச்சரை அவள் இடுப்பில் பற்றி நிறுத்தினாள். ஈரச் சேலை காலோடு ஒட்டியிருந்தது. என்ன நேர்ந்தது என்று அறியும் மட்டும் டீச்சருக்கு அறிவு இருந்தது. அவர் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். “பிள்ளைங்க பார்த்திருப்பாங்க. பிள்ளைங்க பார்த்திருப்பாங்க.”

அப்படியே இழுத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். நடுங்கிய அந்த உடலை, அத்தனை கண்களுக்கு முன் அந்நிலையில் கொண்டுபோய் நிறுத்த அவள் கை ஒப்பவில்லை. கழிப்பறைக்கு அழைத்துப்போய்க் கழுவினாள், துடைத்தாள். வீட்டுக்குப் போகவென்று மடித்து வைத்திருந்த தன் சேலையைத் தோளில் தொங்கிய பையிலிருந்து எடுத்து அவருக்கு உடுத்திவிட்டாள். “யாரும் பாக்கல டீச்சர். புள்ளைங்கள்லாம் பாடம் படிச்சிகினு இருந்துச்சு” என்று தேற்றித் தோளோடு அணைத்துக் கூடத்துக்கு அழைத்து வந்தாள்.

கடைக்கோடிக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுக்கப்பட்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டார். திரைக்குள் சுவேதா நின்றிருந்தாள். துலுக்கானத்தின் கை கட்டிலுக்கு வெளியே, விரல் விரிந்து கிடந்தது.

“நான் வரும்போதே முடிஞ்சிருச்சு” என்றாள் சுவேதா. “யாருமே இல்ல. நீ எங்க பூட்டே?”

திரையின் இடைவெளியில், தன் தாயின் சேலையில் நின்ற கிழவியைச் சுவேதா பார்த்தாள்.

மாலையில் ஸ்ரீநாத் வந்தான். வீட்டில் தாயைக் காணாமல், அகல்யாவிடம் கேட்டறிந்து பதைத்து ஓடிவந்தவன், வந்ததும் வெடித்தான்.

“உங்கள நம்பித்தானே விட்டேன்? ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டு வருவீங்க? ஏதாவது இன்ஃபெக்‌ஷன் ஆனா யாரு பதில் சொல்றது?”

“எங்கப்பா செத்துட்டாரு சார்” என்றாள் சுவேதா. “உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. கழுவி, சேல மாத்தி, பத்திரமாத்தான் கீறாங்க. இட்டுகினு போங்க.”

அவன் முகம் வெளிறியது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளே வெற்றிச்செல்வன் அழைத்து, வேறு ஏஜென்சி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். குரல் தாழ்த்தி, “எனக்கும் மேல ஆளு கீறாங்கக்கா” என்றான்.

கருமாதி முடிந்து உறவினர் கலைந்தபின் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. சுவேதா வேலைக்குப் போய் வந்தாள், சமைத்தாள், தாய்க்கும் சோறிட்டாள். ஒருநாள் தட்டை வைத்துவிட்டு, நின்றவாறே கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த எடத்துல நான் படுத்துகினு இருந்தாலும் கைய உட்டுட்டுத்தான் போயிருப்பியா?”

பொய் சொல்ல வேம்புலியம்மாளுக்குத் தெரியும். அத்தொழிலில் நாள்தோறும் சொல்ல நேரும். அன்று வரவில்லை.

“தெரிலடி” என்றாள்.

சுவேதா அடுப்படிக்குப் போனாள். அதற்குமேல் அதைப்பற்றி அவர்கள் பேசவே இல்லை.

பிழைக்க வேண்டுமே, வேறு ஏஜென்சிகளில் வேம்புலியம்மாள் கேட்டாள். அனுபவம் கண்டு உடனே வரச் சொன்னார்கள். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். என் வீட்டிலிருந்து மகள் அழைத்தால், எந்த வேளையானாலும், எந்த நிலையானாலும், அந்த நொடியே நான் கிளம்புவேன். நோயாளியை ஏற்றுக்கொள்ள அந்த வீட்டாரில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆளில்லாததால்தானே உன்னை வைக்கிறோம் என்றார்கள். ஒரு வீடு, இரண்டு வீடு, பல வீடுகள் அவளை வேண்டாமென்றன. அடுப்பு சில நாள் சுவேதாவின் சம்பளத்தில் எரிந்தது; சில நாள் எரியவில்லை. அவள் நிபந்தனையைத் தளர்த்தவில்லை.

கடைசியில் பூந்தமல்லியில் ஒரு குடும்பம் ஒப்புக்கொண்டது. பக்கவாதத்தில் விழுந்த முதியவர். மருமகள் ஜமீலா வீட்டோடு இருந்து தையல் தைப்பவள். “நான் இருக்கேன்மா. நீங்க எப்ப வேணா போங்க” என்று அவள் சொன்ன பிறகே வேம்புலியம்மாள் உள்ளே கால் வைத்தாள். இந்த நிபந்தனையைப் பற்றிச் சுவேதாவிடம் தாய் சொல்லவில்லை. கடைக்கு வந்த யுவராணி சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த சுவேதா அடுத்த வாடிக்கையாளரை நோக்கித் திரும்பினாள். அன்றிரவு மட்டும், மாதங்கள் கழித்து, தாயை அவளாகவே அழைத்தாள். “சாப்ட்டியா?” என்றாள். “சாப்ட்டேன்” என்றாள் தாய். அவ்வளவே பேச்சு.

மாசிலா மணியாய்த் திருமுல்லைவாயிலின் முல்லைவனத்தில் அமர்ந்த ஈசனும், அவன் இடப்பால் நிற்கும் கொடியிடை அன்னையும் வேப்பம்பட்டில் அந்தச் சிறிய மனையைக் கண்ணோக்குக. அங்கே அடுப்பு அவியாதிருக்க. தாய்க்கும் மகளுக்கும் இடையே சொல் மீண்டும் தழைக்க. அவ்விருவரில் எவர் எப்போது நோயுற்றாலும், கை பற்ற ஒரு கை அருகில் இருக்க. அந்த மனை நெடிது வாழ்க.